மூன்றாவது ஓடை



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து என் அறைக்கு வந்த சிலர், மேஜைமேல் இருந்த கல்லைப் பார்த்து அது என்னவென்று கேட்டீர்கள். ஓய்வுநாள் பள்ளிச் சிறுவன் ஒருவன் அதை ஆட்டுக்கடாவின் கொம்பு என்றான். அவன் தாயார் பெரிய நத்தை என்றார். "அடுத்த வாரம் எழுதுகிறேன்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன். அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என்னைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். வாசலில் நின்றபடி சொல்லக்கூடியது அன்று அது.

ஆயர்களுக்குத் திங்கட்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. இந்த லெந்து நாட்களில் ஒரு திங்களன்று, இறையியல் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பர்கள் இருவர் பெரம்பலூருக்கு வந்திருந்தார்கள். ஒருவர் தூத்துக்குடிக்காரர், கடல் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் வேலூர்ப் பக்கத்தில் ஊழியம் செய்கிறார். அவருடைய துணைவியார், நாங்கள் எல்லாரும் ஆயரம்மா என்று அழைத்தவர், சென்ற ஆகஸ்டில் இரண்டு ஆண்டு நோய்க்குப் பிறகு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்குப் பின் நண்பரின் பேச்சு குறைந்துவிட்டது. தொலைபேசியில் அழைத்தால் "நல்லா இருக்கேன்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. எங்காவது போய்வரலாம் என்று திட்டமிட்டவர் தூத்துக்குடிக்காரர். "மலை வேண்டாம், கடற்கரை வேண்டாம், கூட்டம் வேண்டாம்" என்று வேலூர்க்காரர் சொல்லிவிட்டார். இந்த மூன்றும் இல்லாத ஓரிடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்றேன். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே கிடக்கும் பொட்டல் அது.

அந்த இடம் என் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் இந்தக் கல். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு நம் சபையைச் சேர்ந்த ஒரு மாணவி, கல்லூரியில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தவள், ஆராதனைக்குப் பின் என்னிடம் வந்தாள். அவளுடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொதியை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே இந்தக் கல். "ஐயா, இது காரையில எடுத்தது. கடல்ல வாழ்ந்த உயிர். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்ததா வகுப்புல சொல்றாங்க. மனுஷனே இல்லாத காலத்துல இத்தனை உயிர் பிறந்து செத்திருக்கு. பார்க்க ஒருத்தரும் இல்ல. ஆண்டவர் எதுக்காக ஐயா இதையெல்லாம் உண்டாக்கினாரு?" என்று கேட்டாள்.

அடுத்த ஆராதனைக்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் நோவா காலத்து ஜலப்பிரளயத்தில் ஒதுங்கியவை அம்மா. நீ தினமும் வேதம் வாசிக்கிறாயா?" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். கல்லை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதங்கள் பாடகர் குழுவில் அவள் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மேற்படிப்புக்கு வெளியூர் போய்விட்டதாக அவள் தாயார் சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். கல்லை மேஜை இழுப்பறையில் தள்ளினேன். அங்கே அது பதினோரு ஆண்டுகள் கிடந்தது.

அன்பானவர்களே, அறியாமையால் அப்படிச் சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களைத் திருச்சபை எத்தனை விதமாக வாசித்து வந்திருக்கிறது என்பதை நான் கல்லூரியில் ஓராண்டு முழுவதும் படித்தவன். பூமியையும் வானத்தையும் குறித்துத் தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசி, அறிந்தவர்கள் முன் திருமறையை நகைப்புக்கு இடமாக்காதீர்கள் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீன் கிறிஸ்தவர்களை எச்சரித்ததும் எனக்குத் தெரியும். கி.மு. 4004-இல் உலகம் படைக்கப்பட்டது என்ற கணக்கு வேதத்தில் இல்லை, 1650-இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் உஷர் கணித்து வெளியிட்டது என்பதும் தெரியும். இவற்றையெல்லாம் தேர்வுத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அறை வாசலில் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழ நான் எதைச் சொன்னால் சிக்கல் வராதோ அதைச் சொன்னேன். அதைவிட மோசமானது ஒன்றுண்டு. அவள் கல்லின் வயதைக் கேட்கவில்லை. எதற்காக உண்டாக்கினார் என்று கேட்டாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, கேட்ட கேள்வியை வெளியே அனுப்பிவிட்டேன்.

பயணத்துக்கு முந்தின இரவு அவள் தாயாரிடம் எண் வாங்கி அழைத்தேன். புனேயில் இருக்கிறாள், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளை ஆராய்கிறாளாம். அன்று நான் பேசியது தவறு, மன்னித்துக்கொள் என்றேன். சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு, "கல்லு இன்னும் இருக்கா ஐயா?" என்றாள்.

"இருக்கிறதம்மா."

"கூட இருந்த சீட்டு?"

சீட்டு எதையும் நான் பார்த்ததில்லை. இழுப்பறையைத் திறந்து, பழுத்துப்போன செய்தித்தாளைப் பிரித்தேன். மடிப்புக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. பென்சில் எழுத்து. "காரை. கொளக்காநத்தம் சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது ஓடை. இடக்கரை. அடியிலிருந்து ஆறடி உயரத்தில்." அதன் கீழே தேதி. அதற்கும் கீழே, "ஐயாவிடம் காட்ட."

"சீட்டு இல்லைன்னா அது வெறும் கல்லுதான் ஐயா. எந்த அடுக்குல இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அது பேசும்" என்றாள்.

மறுநாள் காலை இட்லியும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். தூத்துக்குடிக்காரர் மக்ரூன் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "லெந்து நாளில் இனிப்பா?" என்று கேட்டதற்கு, "முட்டையில வெள்ளைக்கரு மட்டும்தாம்வே, பாவமும் பாதிதான்" என்றார். மேற்கே பச்சைமலை நீலமாகத் தெரிய, திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே போய், பாடாலூர்ப் பக்கம் கிழக்கே திரும்பினோம். களத்தில் சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. மக்காச்சோளத் தட்டைகள் வெட்டிச் சாய்த்துக் கிடந்தன. தெரணியில் வெள்ளைக் களிமண் வெட்டிய குழிகளைக் கடந்தபோது நண்பர்கள் அது சுண்ணாம்பா என்று கேட்டார்கள். களிமண்தான், பீங்கான் செய்வதற்கு எடுப்பார்கள்.

முதலில் சாத்தனூருக்குப் போனோம். உங்களில் பலர் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். கல்லாகிப்போன மரம், பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம், வேலிக்குள் படுத்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைப் பற்றி எழுதினார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் பழமையானது என்கிறார்கள். பக்கத்தில் வரகூர் முதலிய ஊர்களின் ஓடைகளிலும் சிறுசிறு துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கரையில் வளர்ந்த ஊசியிலை மரம் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு அணுவுக்கும் பதிலாகக் கல் வந்து உட்கார்ந்த கதை அது. வேலூர்க்காரர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "போகலாமா?" என்றார். போனோம்.

காரைப் பொட்டலை முதன்முறை பார்ப்பவர்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா என்று ஐயப்படுவார்கள். சாலையோரம் வரைக்கும் வயல். அதைத் தாண்டினால் திடீரென்று நிலம் கிழிந்து கிடக்கிறது. செம்மண் நிறம், காவி, மங்கிய மஞ்சள், அங்கங்கே பச்சை சாயல் ஏறிய சாம்பல். ஆளுயர மேடுகள், அவற்றைப் பிளந்துகொண்டு ஓடும் வறண்ட ஓடைகள். மரம் என்று சொல்ல ஓரத்துச் சீமைக்கருவேலங்கள் மட்டும். வெட்டவெளியில் வெயில் விழும்போது தரையெங்கும் கற்கண்டைச் சிதறியதுபோல மின்னும், அது ஜிப்சம். இந்தக் களிமண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். வேர் பிடிப்பதற்குள் அடுத்த மழை அதை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் இந்தப் பாழ்.

நம் வேதப் புத்தகத்தில் வனாந்தரம் என்ற சொல் வருகிறது. அதற்குள் 'வனம்' இருப்பதால், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் யோவான் ஸ்நானகனை மரங்களுக்கு நடுவில் வரைந்து வருகிறார்கள். இனி அவர்களை ஒருமுறை காரைக்குக் கூட்டிச் செல்லலாம் என்றிருக்கிறேன். தமிழில் இதற்கு இன்னொரு பழைய சொல்லும் உண்டு, பாலை. நிலத்தை ஐந்தாகப் பிரித்த நம் முன்னோர் ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்வை உரிமையாக்கினார்கள். பாலைக்கு அவர்கள் கொடுத்தது பிரிவு. அன்று காலை நண்பரை எங்கே அழைத்துப் போகிறோம் என்று யோசித்தபோது இது என் நினைவுக்கு வரவில்லை. பொட்டலில் இறங்கி அவர் முன்னால் தனியே நடந்துபோனதைப் பார்த்தபோதுதான் வந்தது.

ஓடையில் குனிந்தபடி வந்த தூத்துக்குடிக்காரர், துப்பாக்கித் தோட்டாபோல ஒருபக்கம் கூர்மையான ஒரு பழுப்புக் கல்லைக் காட்டி, "ஏ, இது கணவாய் ஓடு கணக்கால்ல இருக்கு?" என்றார். அந்த இடத்திலிருந்து வங்கக் கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மீன்காரர் வீட்டுப் பிள்ளையின் கண் அங்கேயும் தப்பவில்லை. அதன் பெயர் பெலம்னைட். கணவாயின் பழைய உறவு, அதன் உடலுக்குள் இருந்த ஓடு. என் மேஜைமேல் இருக்கும் கல்லும் அந்த வம்சந்தான். அம்மோனைட் என்பார்கள். எகிப்தியரின் அம்மோன் தெய்வத்துக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு. அதைப் பார்த்து வைத்த பெயர். ஆகையால் கொம்பு என்று சொன்ன சிறுவன் தவறு செய்யவில்லை. இங்கிலாந்தின் விட்பி ஊரில் இவற்றைப் புனித ஹில்டா கல்லாக்கிய பாம்புகள் என்று நம்பினார்கள். நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைப்பவற்றை நம் வைணவ நண்பர்கள் சாளக்கிராமம் என்று பூசையறையில் வைக்கிறார்கள். இந்தக் கல்லைக் கையில் எடுத்த எவரும் சும்மா கீழே வைத்ததில்லை போலும். இழுப்பறையில் வைத்தவன் நான்.

மூன்றாவது ஓடையைக் கண்டுபிடித்தோம். இடக்கரை. அடியிலிருந்து ஆறடி என்றால் என் தலைக்குச் சற்று மேலே. பதினோரு மழைக்காலங்களில் கரை எவ்வளவோ சரிந்திருக்கும். அவள் எடுத்த குழி இருக்காது. ஆனாலும் அந்த உயரத்தில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பத்தொன்பது வயதுப் பெண் இந்த வெயிலில் ஏறி, அளந்து, பென்சிலால் குறித்து, ஐயாவிடம் காட்டவேண்டும் என்று சுற்றி எடுத்து வந்திருக்கிறாள். நாங்கள் எதையும் எடுக்கவில்லை. கணவாய் ஓட்டையும் இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். அங்கே போகிறவர்கள் ஆளுக்கொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தே பாதி ஓடைகள் வெறுமையாகிவிட்டன. நீங்கள் போனாலும் எடுக்காதீர்கள்.

ஓடையின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேலூர்க்காரர் பாதிப் பொட்டலத்தை மடித்து வைத்தார். அப்போது நான் பேசத் தொடங்கினேன். உங்களுக்குத் தெரிந்த பேச்சுதான். அடக்க ஆராதனைகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆயரம்மா வேதனையில்லாத இடத்தில் இருக்கிறார், கர்த்தருடைய சித்தம் நமக்கு இப்போது விளங்காது, பின்பு விளங்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை முப்பது வருஷமா நானும் மத்தவங்களுக்குச் சொல்லியிருக்கேன்டா. எல்லாம் எனக்குத் தெரியும். கொஞ்சம் பேசாம உட்காரு" என்றார்.

பேசாமல் உட்கார்ந்தேன். எவ்வளவு கடினமாக இருந்தது தெரியுமா? பேசுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான். மூவரும் ஒரே சுவரில் முதுகைச் சாய்த்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அதில் அடுக்கடுக்காகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு காலத்துக் கடலடிச் சேறு. யோபுவின் நண்பர்கள் மூவரைப் பற்றி நாம் எப்போதும் குறைவாகத்தான் பேசுகிறோம். எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று இரண்டாம் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. வாய் திறந்த பிறகு வந்ததுதான் வினை. இத்தனை ஆண்டுகளில் அந்த ஏழு நாட்களைக் குறித்து நான் ஒரு பிரசங்கமும் செய்ததில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, என் அலைபேசி ஒலித்தது. அந்தப் பெண்தான். ஓடைக்குள் ஓசை விட்டுவிட்டு வந்ததால் மேட்டின்மேல் ஏறினேன். அவர்களும் ஏறி வந்தார்கள். ஒலிபெருக்கியில் போட்டேன். "கண்டுபிடிச்சீங்களா ஐயா?" என்றாள். கண்டுபிடித்தோம் என்றதும் அவள் குரலே மாறிவிட்டது. நாங்கள் நிற்கும் இடத்தை எங்களுக்கு அவள் அங்கிருந்தே காட்டினாள்.

ஒருகாலத்தில் அண்டார்க்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்த நம் நிலம் பிரிந்து விலகியபோது, இந்தப் பக்கம் கடல் உள்ளே வந்தது. வருவதும் பின்வாங்குவதுமாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள். 1862-இல் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்த அடுக்குகளை மூன்றாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயரிட்டார். உலகமெங்கும் நிலவியல் படிக்கிறவர்கள் இன்றும் நம் ஊட்டத்தூரின் பெயரைச் சொல்கிறார்கள். மேற்கே காரையில் பழைய அடுக்கு. கிழக்கே அரியலூரை நோக்கிப் போகப்போகப் புதியது. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் பாறையாகவே குவிந்திருக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டு ஆகிறது. அதைக் கேட்டபோது நம் ஆலயத்தின் சுவரை நினைத்துக்கொண்டேன். போன ஆண்டு நாம் காணிக்கை சேர்த்துப் பூசிய பூச்சில் அந்தக் கடலின் சிப்பிகளும் இருக்கக்கூடும்.

"கல்லமேட்டுல டைனோசர் எலும்பு கிடைச்சிருக்கு ஐயா. அதுக்கு மேல இருக்கற நின்னியூர் அடுக்குல அம்மோனைட் கிடையாது. முடிஞ்சு போச்சு. அது முடியற காலத்துல, 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி, நான் இருக்கற இந்த ஊர்ல நெருப்பு ஓடிச்சு."

தக்காணப் பீடபூமியைச் சொல்கிறாள். பூமி பிளந்து குழம்பாக வழிந்து, ஆறி, மறுபடி வழிந்து, படிப்படியாக உறைந்த கருங்கல். இன்று மிஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்கே அதன் கனம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். எல்லோராவின் குகைகளை அந்தக் கல்லில்தான் குடைந்திருக்கிறார்கள். அதே காலத்தில் மெக்சிகோவில் ஒரு விண்கல்லும் விழுந்தது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் கடல்களில் வாழ்ந்த அம்மோனைட்டுகளை அழித்ததில் விண்கல்லின் பங்கு எவ்வளவு, நெருப்பின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். "அதுதான் ஐயா என் வேலை. அன்னைக்கு உங்ககிட்ட கொண்டு வந்த கல்லு எப்படிச் செத்துச்சுன்னு பார்க்கறேன்" என்று சிரித்தாள்.

நான் என்ன சொல்வது? அவளுடைய பழைய கேள்வி எனக்கு நினைவிருக்கிறது, பதில் இன்னும் இல்லை என்றேன். யோபு புத்தகத்தின் முடிவில் கடவுள் பேசுகிற அதிகாரங்களைத் திரும்ப வாசித்ததாகச் சொன்னேன். அங்கே யோபு கேட்ட எதற்கும் அவர் விடை தருவதில்லை. மனிதர் ஒருவரும் இல்லாத பாழ்நிலத்தில் பெய்யும் மழையைப் பற்றியும், எவர் கண்ணிலும் படாமல் மலையில் குட்டி போடும் வரையாடுகளைப் பற்றியும் நீளமாகப் பேசுகிறார். நமக்குப் பயன்படாத உயிர்கள்மேல் அவருக்கு ஒரு பிரியம் இருப்பதுபோலத் தோன்றுகிறது; அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை அம்மா என்றேன். "அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே ஐயா" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள். இந்த அரியலூர்ச் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வரைந்து, விவரித்து, பெரிய தொகுதிகளாக வெளியிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் 1838-இல் பிறந்தவர்; 1862-இல் கல்கத்தாவுக்கு வந்து நிலவியல் துறையில் சேர்ந்தவர். 1874-இல் யார்க்கந்துக்குப் போன குழுவோடு திரும்பும் வழியில், காரக்கோரத்தின் உயரத்தில் மூச்சு முட்டி இறந்தார். முப்பத்தாறு வயது. லடாக்கில் லே நகரத்தில் அடக்கம் செய்தார்கள்.

"லேயில் எங்கே?" என்று கேட்டார் வேலூர் நண்பர். காலையிலிருந்து அவர் கேட்ட இரண்டாவது கேள்வி.

"மொராவிய சபைக்காரங்க கல்லறைத் தோட்டத்துல ஐயா. உயரமா ஒரு நினைவுக் கல்லு இருக்கும்."

அவர் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாங்க அதைப் பார்த்திருக்கோம்" என்றார்.

நோய் தெரியவருவதற்கு முந்தின ஆண்டு அவர்கள் இருவரும் லேக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் போன ஒரே நெடும்பயணம். மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்துப் பாலைநிலம். புல் இல்லை, மண் நிறத்தில் மலைகள், அவற்றுக்கு மேலே பனி. மொராவிய ஆலயத்தைப் பார்க்கப் போனவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கும் போயிருக்கிறார்கள். ஆயரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த உயரமான கல்லின் நிழலில் உட்கார்ந்தார். "இவர் யாரோ பாவம், வீட்டை விட்டு எவ்வளவு தூரம் வந்து படுத்திருக்கார்" என்று சொல்லி, தோட்டத்தில் கிடந்த சிறுகல் ஒன்றை எடுத்து அந்த மேடைமேல் வைத்துவிட்டு வந்தாராம். பெயரை வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அதிலிருந்து நண்பர் பேசத் தொடங்கினார். லேயில் வாங்கிய கம்பளித் தொப்பி, விமானத்தில் அவர் மனைவி பயந்தது, மருத்துவமனையில் கடைசி வாரம் அவர் கேட்ட பாட்டு, வீட்டில் இன்னும் மடிக்காமல் கிடக்கும் அவருடைய சேலைகள். அழுதார், சிரித்தார், சில இடங்களில் ஆண்டவர்மேல் கோபப்பட்டார். தூத்துக்குடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது எனக்குப் பெருமையல்ல. பேச எதுவும் இருக்கவில்லை.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் பார்க்கவேண்டும், பொழுது இருந்தால் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் கட்டிய ஆலயத்துக்கும் போய்வரவேண்டும் என்று எழுதி வைத்திருந்த திட்டம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. பொட்டலில் மேற்கு வெயில் சாய்ந்து, மேடுகள் ஒவ்வொன்றும் தன் நிழலை அடுத்த ஓடைக்குள் விட்டபோதுதான் எழுந்தோம். திரும்புகிற வழியில், எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. தூசியில் முன்விளக்குகள் மஞ்சளாகத் தெரிந்தன. வேலூர்க்காரர் மீதிப் புளிச்சோற்றை வண்டியிலேயே சாப்பிட்டு முடித்தார். மக்ரூனும் நான்கைந்து தின்றார்.

கல்லை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு வருகிறாளாம்; தானே வந்து சேர்த்துவிடுகிறேன், அதுவரை உங்கள் மேஜைமேல் இருக்கட்டும் என்றாள். அதனால்தான் அது அங்கே இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம், கையில் எடுத்தும் பார்க்கலாம். அதன் கீழே பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு இருக்கும். அதை மட்டும் யாரும் எடுத்துவிடாதீர்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்